பெஞ்சில் உட்கார்ந்த டாக்டரின் அம்மா

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கட்டு அக்கா என்று பெயர். பெரிய டாக்டர் முதல் லிஃப்ட்காரர் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எக்ஸ்ரே அறைக்கு நேர் எதிரே உள்ள மாவுக்கட்டு அறையில், ஒடிந்த கைக்கும் காலுக்கும் கட்டுப் போடுவது அவள் வேலை. அந்த அறைக்குள் அவள் முதலில் நுழைந்தது தரை துடைக்க. கட்டுப் போடுகிறவருக்குக் கை போதாத நாட்களில் நோயாளியின் காலைத் தூக்கிப் பிடிக்க அவளைக் கூப்பிட்டார்கள். பிடித்துப் பிடித்துப் பார்த்தே பாதித் தொழில் பழகிவிட்டது. மீதியை முறையாகப் படித்து, பரீட்சை எழுதித் தேறி, துடைப்பத்தை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு, அதே அறைக்குப் பொறுப்பாளியானாள்.

அவள் நகக்கண்ணில் எப்போதும் வெள்ளை மாவு ஒட்டியிருக்கும். கட்டுப் பிரிக்கும் ரம்பத்தைப் பார்த்து அலறும் குழந்தைகளிடம், "சத்தம்தான்டா பெரிசு, கடிக்காது. எங்க வீட்டுக்காரர் மாதிரி" என்பாள். குழந்தைக்கு ஒன்றும் புரியாது. கூட வந்தவர்கள் சிரிப்பார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று குழந்தை திரும்பிப் பார்ப்பதற்குள் கட்டு இரண்டாகப் பிளந்திருக்கும்.

அவளைக் கோபக்காரி என்று அந்த ஆஸ்பத்திரியில் யாரும் சொன்னதில்லை. அவள் கோபத்தைப் பார்க்க வேண்டுமானால் மகன் படித்த பள்ளியின் கால்பந்து மைதானத்துக்குப் போயிருக்க வேண்டும்.

ஒரே மகன். சின்ன வகுப்பில் படிக்கும்போது, பள்ளி விட்டதும் அவனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. அப்பா குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவர். இன்றைக்கு எந்தத் தெருவில் எந்த மாடியில் இருப்பார் என்று காலையில் அவருக்கே தெரியாது. அதனால் பையன் நேராக மாவுக்கட்டு அறைக்கு வந்துவிடுவான். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி அவனுக்கு. வீட்டுப்பாடம் முடிந்ததும் பழைய துணிச்சுருளை எடுத்து மேசைக் காலுக்குக் கட்டுவான், தன் கணுக்காலுக்குக் கட்டுவான். போகிற போக்கில் அவளும் திருத்துவாள். "விரல் பக்கமிருந்து ஆரம்பி. குதிகாலைச் சுத்தி எட்டுப் போடு. இறுக்காதே, நகம் நீலம் பாரிச்சுடும்." சாயங்காலம் பார்த்தால் அந்த அறையின் மேசை நாற்காலிகளுக்கெல்லாம் ஒரே நாளில் சுளுக்கு விழுந்தது போலிருக்கும்.

இப்படித் தொழிலைச் சொல்லிக் கொடுத்ததுதான் பின்னால் வினையாக வந்தது.

மேல்வகுப்புக்குப் போனதும் பையன் கால்பந்து அணியில் சேர்ந்தான். இடது காலால் உதைப்பவன். இடது பக்கம் காக்க அப்படி ஒருவன் கிடைப்பது அபூர்வம் என்று பயிற்சியாளரே முதலில் சொன்னார். அவள் விடுமுறை மாற்றிக்கொண்டு முதல் ஆட்டத்துக்கு ஓடினாள். அதற்கு முந்தின வாரம் பயிற்சியில் ஒருவன் கால் பிசகி விழுந்திருக்கிறான். "கட்டுத் துணி எங்கடா? யாருக்குடா கட்டத் தெரியும்?" என்று பயிற்சியாளர் கத்த, இவன் போய் உட்கார்ந்து, குதிகாலைச் சுற்றி எட்டுப் போட்டுக் கட்டிவிட்டான். விழுந்தவன் எழுந்து ஓடினான். பயிற்சியாளர் பூரித்துப் போனார். மறுநாள் ஒரு சிவப்புப் பை வாங்கி இவன் தோளில் மாட்டினார். பையன்கள் டாக்டர் என்று பெயர் வைத்தார்கள். அன்றோடு இவன் ஆட்டம் முடிந்தது.

அதன்பின் எல்லா ஆட்டத்துக்கும் அவனைக் கூட்டிப் போனார்கள். உடுப்புப் போட்டான், பூட்ஸ் மாட்டினான், பெஞ்சில் உட்கார்ந்தான். யாராவது விழுந்தால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கட்டினான். திரும்பி வந்து உட்கார்ந்தான். சுற்றி நிற்கும் பெற்றோர்கள் "டாக்டர்! டாக்டர்!" என்று கை தட்டுவார்கள். மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கும் அவளுக்கு அந்தக் கைதட்டல் கன்னத்தில் விழுவது போலிருக்கும்.

"உங்க பையன் எந்த இடத்துல ஆடறான்?" என்று புதிதாக வருகிற ஏதாவது ஒரு தாய் கேட்பாள்.

"உக்கார்ற இடத்துல" என்பாள் இவள்.

ஆட்டம் பார்க்க வரும் மருந்துக்கடைக்காரருக்கு இதெல்லாம் உறைக்காது. அவர் மகன்தான் இடது பக்கம் காப்பவன். ஆளும் அகலம், நின்றால் நகரமாட்டான், அதனால் பையன்கள் அவனைச் சுவர் என்பார்கள். அணிக்கு வேண்டிய கட்டுத் துணியெல்லாம் மருந்துக்கடைக்காரர் தன் கடையிலிருந்தே கொடுத்தார். அந்த உரிமையில் அவள் பக்கத்தில் வந்து நின்று, "உங்க பையன் மட்டும் இல்லன்னா இந்த டீமே இல்லீங்க" என்பார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"அப்போ உங்க பையனைக் கொஞ்சம் உக்காரச் சொல்லுங்க, எங்க பையன் ஆடட்டும்" என்றாள் ஒருமுறை.

அவர் நகைச்சுவை என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார்.

மூன்றாவது வருஷமும் முடியப் போகிறது. ஒரு ஆட்டம் பாக்கி. அது முடிந்தால் பரீட்சை, பரீட்சை முடிந்தால் பள்ளிக்கூடமே முடிந்தது. இத்தனை நாளில் ஒரு ஆட்டத்தில்கூட மகன் கால் பந்தைத் தொட்டு அவள் பார்க்கவில்லை. பயிற்சி ஆட்டங்களில் அவன் நன்றாக ஆடுகிறான் என்பது அவள் ஊகமில்லை. வேலை முடிந்து மைதானத்து வேலியோரம் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள்.

கடைசி ஆட்டத்துக்கு முதல் நாள் அவள் வீட்டில் சொன்னாள்: "நான் போய்க் கேக்கப் போறேன்."

கணவர் ஒரு பழைய கம்ப்ரஸரைக் கழற்றித் தரையெல்லாம் பரப்பி வைத்திருந்தார். "என்னன்னு கேப்பே? இது என்ன ரேஷன் கடையா, வரிசையில நின்னவனுக்கெல்லாம் கொடுக்க?"

"வரிசையில நின்னவன்தாங்க கேக்கறான். பின்னாடி வந்தவனெல்லாம் வாங்கிட்டுப் போயிட்டான்."

"அவன் கேட்டானா? நீ கேக்கறே."

"அவன் வாயில்லாப் பூச்சி. உங்களை மாதிரி."

"நான் வாயில்லாப் பூச்சின்னா உன்னை எப்படிக் கட்டியிருப்பேன்? வாய் இருந்ததாலதானே வந்து கேட்டேன்" என்றார் அவர். அவள் சிரிக்கவில்லை. அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "சரி, போ. ஆனா சண்டை போடாதே."

பயிற்சியாளர் விளையாட்டுச் சாமான் அறையில் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் விசில் தொங்கியது. தூங்கும்போதும் அதைக் கழற்றமாட்டார் என்று பையன்கள் சொல்வார்கள். கெட்ட மனிதர் அல்ல. அணியை ஜெயிக்க வைப்பதைத் தவிர வேறு எதையும் யோசிக்காதவர்.

"வாங்கம்மா, வாங்க. டாக்டரோட அம்மா!"

"டாக்டரோட அம்மா இல்ல சார். உங்க ஆட்டக்காரனோட அம்மா. அதை ஞாபகப்படுத்தத்தான் வந்தேன்."

அவருக்குப் புரிந்தது. பம்பை நிறுத்தினார். "நல்லா ஆடறவன்தாம்மா. இல்லன்னு சொல்லல. ஆனா அவனை உள்ள இறக்கிட்டா யாரு கட்டறது?"

"நான் கட்டறேன். சம்பளம்கூட வேணாம்."

"பெத்தவங்க கயித்தைத் தாண்டி உள்ள வரக் கூடாதுன்னு விதி இருக்கேம்மா."

"விதி நல்லா இருக்கு சார். பெத்தவ உள்ள வரக் கூடாது, பெத்த பிள்ளையும் உள்ள வரக் கூடாது. அப்ப நாங்க ரெண்டு பேரும் எதுக்கு சார் வர்றோம்? காத்து வாங்கவா?"

அவர் கொஞ்ச நேரம் விசிலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சரிம்மா. ஒரு வார்த்தை தர்றேன். நாளைக்கு யாருக்காவது முடியாமப் போனா, முதல்ல இறங்கறது உங்க பையன்தான். போதுமா?"

போதாது. ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்தாள்.

பையன் விஷயம் தெரிந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "எதுக்கும்மா போனே? மானமே போச்சு."

"உனக்கு ஆடணுமா வேணாமா? அதை மட்டும் சொல்லு."

அவன் பூட்ஸின் மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே இருந்தான். பெஞ்சில் உட்கார்ந்தவன் பூட்ஸில் மண் ஏது? இருந்தாலும் சுரண்டினான். "ஆடணும்" என்றான் கடைசியில்.

மறுநாள் அவள் கயிற்றோரம், பெஞ்சுக்கு மிக அருகில் இடம் பிடித்தாள். கணவரும் வந்திருந்தார். முதல் பாதி முழுக்க ஒருவரும் விழவில்லை. விழவேண்டும் என்று அவள் நினைத்தாள். நினைத்துவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆயுள் முழுக்க உடைந்ததை ஒட்டவைத்த ஒருத்தி, ஒருவன் கால் பிசக வேண்டும் என்று நிற்கிறாளே! இந்த நிலைக்குத் தன்னைக் கொண்டுவந்தவர்கள் மேல் கோபம் இரட்டிப்பானது.

இரண்டாம் பாதியில் சுவர் விழுந்தான். எதிரணிக்காரன் ஒருவனோடு மோதி, கால் ஒரு பக்கமாக மடங்கி விழுந்தான். நடுவர் விசில் ஊதினார். மகன் பையோடு ஓடினான். சுவரைத் தாங்கிப் பிடித்து, பெஞ்சுக்கு எதிரே கோட்டுக்கு வெளியே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். மகன் அவன் பூட்ஸைக் கழற்றிக் காலைத் தொட்டுப் பார்த்தான். கட்டுத் துணியைக் கையில் எடுத்தான். எடுத்தவன் கட்டவில்லை.

"கட்டுடா, சீக்கிரம்" என்றார் பயிற்சியாளர்.

"கட்ட வேணாம் சார். இவனால ஆட முடியாது. உள்ள ஏதோ விட்டுப்போயிருக்கு."

"ஆடுவேன் சார்" என்றான் சுவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அவனே ஆடுவேங்கறான். நீ கட்டு."

"கட்டினா ஓடுவான் சார். ஓடினா இன்னும் மோசமாயிடும்."

பயிற்சியாளர் அவனையே பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்: "ஏன்டா, நேத்து உங்கம்மா வந்து இடம் கேட்டாங்க. இன்னைக்கு இவனால ஆட முடியாமப் போச்சா?"

மைதானத்தில் கத்திப் பழகிய குரல் அது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற ஒவ்வொருவர் காதிலும் விழுந்தது. ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மருந்துக்கடைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துக் கத்தினார்: "என் பையனுக்கு ஒண்ணுமில்ல! இடத்தைப் பிடிக்கப் பாக்கறான்! அவன் பேச்சைக் கேக்காதீங்க சார்!"

அவள் கயிற்றைத் தாண்டக் காலெடுத்தாள். கணவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

மகன் எழுந்து நின்றான். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. பெஞ்சில் கிடந்த மேல்சட்டையை எடுத்து, ஆட்டச் சட்டைக்கு மேலே போட்டு, ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டான்.

"என்னை இறக்க வேணாம் சார். நெட்டையனை இறக்குங்க. இவனை மட்டும் உள்ள அனுப்பாதீங்க."

நெட்டையன் கீழ் வகுப்புப் பையன். வேடிக்கை பார்க்க வந்தவனைப் போல வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். நடுவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பயிற்சியாளருக்கு வேறு வழியில்லை. நெட்டையன் இறங்கினான்.

அவ்வளவுதான். மகன் ஆட வேண்டிய ஒரே ஆட்டம், அவன் கண்ணெதிரே, இன்னொருவன் காலில் ஓடி முடிந்தது. அணி ஒரு கோலில் தோற்றது. நியாயமாகச் சொன்னால் அந்தக் கோலுக்கும் நெட்டையனுக்கும் சம்பந்தமில்லை. அது வலது பக்கமாக வந்து விழுந்தது.

ஆட்டம் முடிந்தபோது சுவரின் கணுக்கால் குடம் போல வீங்கியிருந்தது. பள்ளி வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு, எங்கே போவார்கள், அவள் ஆஸ்பத்திரிக்குத்தான் போனார்கள். அவளும் மகனும் அதே வேனில். மருந்துக்கடைக்காரர் வழியெல்லாம் தன் மகன் காலை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்புல விரிசல். நல்லவேளை, இதோட நிறுத்தினீங்க. ஓடவிட்டிருந்தா ஆபரேஷன்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

அவளுக்கு அன்று விடுமுறை. ஆனாலும் கையைக் கழுவிக்கொண்டு மாவுக்கட்டு அறைக்குள் போனாள். சுவரைப் படுக்க வைத்து, அவன் காலை மகனைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். பஞ்சு சுற்றினாள். மாவு ஏற்றிய துணிச்சுருளை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, குமிழி அடங்கும் வரை பொறுத்து, எடுத்துச் சுற்றினாள். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. கை மட்டும் எப்போதும் போல நிதானமாகப் போய் வந்தது. கட்டு காயும் வரை உள்ளங்கையால் தடவிக்கொடுத்தாள்.

"வலிக்குதாடா?"

"இல்லக்கா. சாரிக்கா" என்றான் சுவர்.

"நீ எதுக்கு சாரி சொல்றே? கேக்க வேண்டியவங்ககிட்ட நான் கேட்டுக்கறேன்."

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நடையில் பயிற்சியாளர், மருந்துக்கடைக்காரர், உடுப்பு மாற்றாத பையன்கள் பாதிப் பேர், இரண்டு மூன்று பெற்றோர்கள். அவள் கணவர் ஒரு தூணில் சாய்ந்திருந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றார்.

"சார், டாக்டர் சொன்னதைக் கேட்டீங்கல்ல?"

"கேட்டேம்மா."

"இப்ப சொல்லுங்க. என் பையன் சொன்னது நெசமா, பொய்யா?"

பயிற்சியாளர் தரையைப் பார்த்தார். "நெசம்தாம்மா."

"கேக்கல."

"நெசம்தாம்மா."

"மைதானத்துல எவ்வளவு சத்தமா கேட்டீங்க? அந்தக் கோடியில நின்னவனுக்கும் கேட்டுச்சு. அதே சத்தத்துல சொல்லுங்க."

வார்டிலிருந்து நர்ஸ் தலையை நீட்டினாள். "கட்டு அக்கா, நீங்களே இங்க சத்தம் போடலாமா?"

"நான் போடலம்மா. இவரைத்தான் போடச் சொல்றேன்."

"ஏம்மா, விடு" என்றார் கணவர், அரை மனதாக.

"எதை விடறது? மூணு வருஷம் எம்பிள்ளை உக்காந்தான். அது போகட்டும். ஆட்டம் உங்களுது, நீங்க யாரை வேணா ஆட விடுங்க. ஆனா இவன் கை நல்ல கைன்னு மூணு வருஷமா நம்பினீங்களே, இவன் வாய் மட்டும் ஏன் சார் ஒரு நிமிஷத்துல பொய் வாயாப் போச்சு? இடம் கேட்டது நான். கேட்டது தப்புன்னா என்னைச் சொல்லுங்க. அத்தனை பேர் முன்னால அவனைத் திருடன் மாதிரி நிக்க வச்சீங்களே!"

மருந்துக்கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள். "உங்க முறை அடுத்தது. இருங்க."

அவர் ஒரு அடி பின்வாங்கினார்.

பயிற்சியாளர் விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். பையன்கள் இருந்த பக்கம் திரும்பினார். நடையே அதிரும்படி சொன்னார்: "அவன் சொன்னது நெசம். நான்தான் நம்பல. தப்பு என்னுது." படுக்கைகளிலிருந்து நோயாளிகள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். நர்ஸ் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மருந்துக்கடைக்காரர் தன் முறை வரும் வரை காத்திருக்கவில்லை. மாவுக்கட்டு அறைக்குள் போய், அங்கே நின்றிருந்த பையனின் தோளில் கை வைத்து, "தப்பா பேசிட்டேன், தம்பி. மனசுல வச்சுக்காதே" என்றார். அவன் கூச்சத்தில் நெளிந்தான். "பரவால்ல அங்கிள், காலை மட்டும் ஆட்டாமப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றான்.

வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தார்கள். கணவருக்கு முன்னால் இடம் கிடைத்தது. அவளும் மகனும் பின்னால் உட்கார்ந்தார்கள்.

"சத்தமா சொல்லுங்கன்னு நீ கேட்டிருக்க வேணாம்மா."

"ஏன்?"

"நான் கதவோரம் நின்னு பாத்தேன். அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

"கலங்கட்டும்."

"பாவம்மா."

"உனக்கு ஆட வேண்டிய ஒரே நாள் போச்சு. அதுக்கு யாருடா பாவம்?"

"அது போச்சுதான்" என்றான் அவன். "ஆனா அவன் கால் போகலையே."

அதைக் கேட்டும் அவள் கோபம் தணியவில்லை. இப்படிச் சொல்லத் தெரிந்த பிள்ளையையா இவர்கள் பொய்க்காரன் என்றார்கள் என்று அது புதிதாக மூண்டது. இறங்க வேண்டிய இடம் வந்தது. முன்னாலிருந்த கணவர் திரும்பி, "வாங்க, ரெண்டு பேரும் சீக்கிரம்" என்றார். அவள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கலங்கினா நல்லதுதான்டா" என்றாள். "அடுத்த வருஷம் இன்னொரு பிள்ளை தோள்ல அந்தப் பையை மாட்டறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிப்பாரு. இறங்கு."